மலையகக் காடுகளுக்கு நிதி வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

சுற்றாடல் அமைச்சு, வனப் பாதுகாப்புத் திணைக்களம், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஆகியவற்றின் பொறுப்பான அதிகாரிகளுக்கும், மலையகத்தின் காடுகளுக்கும் நடைபாதைகளுக்கும் மானியம் வழங்கிவரும் உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்:

வணக்கம்.

நான் ஊவா மலைச்சரிவில், ஹப்புத்தளைக்கு அண்மையில் வசிப்பவன். சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களிலுள்ள மாதர் சங்கங்களுக்கும் மரணாதாரச் சங்கங்களுக்கும் இளைஞர் கழகங்களுக்கும் விண்ணப்பங்களும் கணக்கறிக்கைகளும் எழுதிக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கும் வேலை. பாதை, குடிநீர், முன்பள்ளி என்று கேட்டு எழுதியவற்றில் சில கிடைத்தன, சில கிடைக்கவில்லை. ஆனால் காட்டைப் பாதுகாப்பதற்கும் காட்டோர நடைபாதைகளைப் பேணுவதற்கும் கிராமிய மக்களுக்கென்றே அறிவிக்கப்படும் மானியங்களில், தோட்டத்துச் சங்கமொன்று தன் பெயரில் விண்ணப்பித்துத் தன் பெயரிலேயே பணம் பெற்றதை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். பெறுவது பெரும்பாலும் கொழும்பிலோ கண்டியிலோ அலுவலகம் வைத்திருக்கும் ஓர் அமைப்பு. தோட்டத்து மக்கள் அந்த அமைப்பின் அறிக்கையில் பயனாளிகள் என்ற நிரலில் வந்து போவார்கள். இதற்கு எவருடைய கெட்ட எண்ணமும் காரணமென்று நான் நினைக்கவில்லை. விண்ணப்பப் படிவங்கள் அமைந்திருக்கும் விதமும், பணம் வந்து முடியும் காலமுமே காரணம். அவற்றை மாற்றுவது உங்கள் கையில் இருப்பதால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

சிவனொளிபாதமலைக் காடுகள், ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் வனம் ஆகிய மூன்றும் சேர்ந்து 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் தலைநீர் இந்த மலைகளில் ஊறுவதை நம் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவார்கள். மலை உச்சியிலுள்ள குள்ளமான, பாசி போர்த்த மரங்கள் மழை பெய்யாத நாளிலும் கடந்து செல்லும் முகிலிலிருந்து ஈரத்தைப் பிடித்து இலைவழியே மண்ணுக்குச் சொட்டவிடுகின்றன. அந்த ஈரந்தான் கோடையிலும் எங்கள் பீலிகளில் நீர் ஓடுவதற்குக் காரணம். கொழும்புக்கு இந்தக் காடு மின்சாரமாகவும் குடிநீராகவும் நீண்ட வழி சுற்றிப் போய்ச் சேருகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு அது ஒரு குழாயில் நேரே வருகிறது. மேலே காடு எரிந்த ஆண்டில் கீழே குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் யாரென்று கேட்டால், இந்தக் காட்டில் யாருக்கு அக்கறை இருக்கும் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையிலான இந்த எல்லை எப்படி வந்தது என்பதையும் சற்று நினைக்க வேண்டும். கோப்பிக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைகளை அடியோடு மொட்டையடித்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் காணப்பட்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விட வேண்டும் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் பரிந்துரைத்ததனாலேயே இன்று உச்சிகளில் எஞ்சியிருப்பது எஞ்சியது. காட்டை வெட்டியவர்கள் எங்கள் பாட்டன்மார் என்று சிலர் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு. கத்தி அவர்கள் கையில் இருந்தது உண்மை. எந்த மலையை வெட்டுவது என்று தீர்மானித்த பேனா வேறு கையில் இருந்தது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடத்திக் கொண்டுவரப்பட்டு, வழியிலேயே பலர் மாண்டுபோன ஒரு மக்கள் கூட்டம் அந்த மலைகளின் மேல் எந்த உரிமையும் இல்லாமல் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அவற்றின் மடியில் வேலை செய்துவருகிறது.

உரிமை என்று சொன்னதும் படிவத்துக்கு வந்துவிடுகிறேன், ஏனெனில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நான் நிரப்பிய படிவங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரு கேள்வி இருக்கும்: செயற்றிட்டம் நடைபெறும் காணி யாருக்குரியது, அதற்கான ஆவணத்தை இணைக்கவும். சிங்களக் கிராமத்துச் சங்கமொன்றுக்கும் இந்தக் கேள்வி எளிதல்ல என்பதை அறிவேன். ஆனால் அங்கே குறைந்தது ஓர் அனுமதிப்பத்திரமோ, பிரதேச செயலாளரின் கடிதமோ, விகாரைக் காணியோ இருக்கும். தோட்டத்தில் நிலைமை வேறு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, மேலே தொடங்கும் காடு வனத் திணைக்களத்தினுடையது அல்லது வனசீவராசிகள் திணைக்களத்தினுடையது. இடையில் நிற்கும் சங்கத்துக்கு, தான் கூட்டம் கூடும் இடத்துக்குக்கூட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் போய் ஒரு கடிதம் கேட்க வேண்டும். துரை, அதாவது தோட்ட முகாமையாளர், நல்லவராக இருந்தால் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவார். தலைமை அலுவலகம் சட்டப் பிரிவுக்கு அனுப்பும். பதில் வருவதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி போயிருக்கும். சில வேளை அதற்குள் துரையே மாற்றலாகிப் போய்விடுவார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தின் வழியே சமுதாய வனத் திட்டம் என்ற மானியம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. உள்ளூராட்சி அமைப்புகளும் பழங்குடி அரசுகளும் இலாப நோக்கற்ற நிறுவனங்களும் அந்தப் பணத்தைக் கொண்டு காட்டுக் காணியை வாங்கி, தம் பெயரிலேயே முழு உரிமையுடன் வைத்திருக்கலாம். செலவில் பாதிக்கு மேல் மானியமாகக் கிடைக்காது, மீதியை ஊர் தன் பங்காகக் காட்ட வேண்டும். வாங்கிய காட்டைப் பொதுமக்கள் நடப்பதற்கும் பொழுதுபோக்குக்கும் திறந்து வைக்க வேண்டும். காட்டைக் காப்பதும் மக்கள் அதில் உலாவுவதும் ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்து வருவது அந்தத் திட்டத்தின் சிறப்பு. அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. தாம் குடியிருக்கும் வீட்டு மண்ணுக்கே உறுதிப்பத்திரம் இல்லாதவர்களிடம் காட்டை விலைக்கு வாங்கச் சொல்வது கேலியாகிவிடும். ஆனால் ஊரின் கையில் ஏதேனும் ஓர் எழுதப்பட்ட உரிமை இல்லாமல் ஊரிடம் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது என்ற விளக்கம் அந்தத் திட்டத்தின் அடிப்படையில் இருக்கிறது. அந்த விளக்கம் நமக்கும் பொருந்தும்.

நேபாளம் இதைக் காணி விற்காமலேயே செய்தது. அங்கு 1993ஆம் ஆண்டின் வனச் சட்டம் அரசுக் காட்டின் பகுதிகளைப் பயனாளர் குழுக்களிடம் முகாமைக்காக ஒப்படைக்க வழி செய்தது. காணி அரசிடமே இருக்க, காட்டைப் பேணும் பொறுப்பும் அதிலிருந்து வரும் பயனும் எழுத்து மூலம் ஊருக்கு வந்தன. நம் நாட்டிலும் வனத் திணைக்களம் அவுஸ்திரேலிய உதவியுடன் 2012இல் சமுதாய வனத் திட்டமொன்றைப் பல மாவட்டங்களில் தொடங்கியதை நினைவூட்ட விரும்புகிறேன். ஆகவே சமுதாயத்தோடு ஒப்பந்தம் செய்யும் பழக்கம் திணைக்களத்துக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தைக் கம்பனிக் குத்தகைக் காணியின் விளிம்புக்கும் நீட்டுவதே வேண்டியது. கம்பனி, திணைக்களம், தோட்டத்துச் சங்கம் ஆகிய மூன்றும் பிரதேச செயலாளர் முன்னிலையில் கையெழுத்திடும் ஓர் உடன்படிக்கை, குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு, இன்ன எல்லைக்குள் இன்ன வேலை செய்ய இன்ன சங்கத்துக்கு அனுமதி என்று சொல்லுமானால், காணி ஆவணத்துக்குப் பதிலாக அதை ஏற்றுக்கொள்ள உங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். 2018ஆம் ஆண்டில் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டப் பகுதிகளிலும் சபைகள் பணம் செலவிடத் தடையில்லை என்றானது. அதுவரை தோட்டத்துக்குள் ஒரு தெருவிளக்குப் போடுவதற்கே சட்டம் இடையூறாக இருந்தது. அந்தத் திருத்தத்தின் பொருளை மானியம் வழங்குவோர் இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் கருத்து; தோட்டத்துச் சங்கமும் பிரதேச சபையும் கூட்டாக விண்ணப்பிக்க இப்போது வழி இருக்கிறது.

அடுத்து, சங்கத்தின் பங்களிப்பு என்று படிவம் கேட்பதைப் பற்றி. இங்கே தீயைப் பற்றிச் சொல்லாமல் அதை விளக்க முடியாது. ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்த மணம் அந்தக் காற்றில் பிறக்கிறது; பத்தனைப் புல்வெளிகளை உலர்த்தி, ஒரு தீக்குச்சி போதும் என்ற நிலைக்குக் கொண்டுவருவதும் அதே காற்றுத்தான். மாட்டுக்கு இளம் புல் முளைக்கட்டும் என்று கொளுத்துபவர் உண்டு, வேட்டைக்காகக் கொளுத்துபவர் உண்டு, கூடாரமடித்துச் சமைத்துவிட்டுத் தணலை அணைக்காமல் இறங்கிப் போகும் இளைஞர் கூட்டங்களும் இப்போது உண்டு. புல் எரிந்தால் அடுத்த மழையில் தளிர்த்துவிடும். காட்டின் விளிம்பு அப்படித் தளிர்ப்பதில்லை. தீ ஒவ்வொரு முறையும் விளிம்பைச் சிறிது உள்ளே தள்ள, புல் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. பைனஸ் நட்ட மலைகளில் உதிர்ந்து கிடக்கும் எண்ணெய்ப் பசையுள்ள ஊசியிலைகள் தீயை இன்னும் வேகமாக மேலே கொண்டுபோகின்றன.

அந்த நேரத்தில் முதலில் மேலே ஓடுபவர்கள் தோட்டத்து ஆட்கள். தீயணைப்பு வண்டி ஏற வழியில்லாத சரிவில், பச்சைக் கிளையை ஒடித்து அடித்தும், மண்வெட்டியால் புல்லைச் செதுக்கித் தீ தாண்டாமல் அகன்ற பட்டி வெட்டியும் அணைக்கிறார்கள். வனத் திணைக்கள ஊழியர்களும் இராணுவத்தினரும் வருவார்கள். ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை தீ காத்திருப்பதில்லை. அன்று மலையேறியவருக்கு அன்றைய பேர் விழாது, அதாவது அன்றைய நாட்சம்பளம் கிடைக்காது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் எவ்வளவு நீண்ட போராட்டத்தின் பின் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் ஆனது என்பதை நாடே பார்த்தது. அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தீயணைக்கப் போனவரின் ஒரு நாள், படிவத்தின் பங்களிப்பு நிரலில் எதுவுமாக எண்ணப்படுவதில்லை. வங்கியில் வைப்பிலிட்ட பணம் மட்டுமே பங்களிப்பாகக் கொள்ளப்படுகிறது. உழைப்பையும் ஏற்பதாக எழுதியிருக்கும் படிவங்களும் உண்டு. அவற்றிலும் அதற்கான பெறுமதியை நிரூபிக்கும் சான்று கேட்கப்படும்போது சங்கச் செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். தோட்டத்தின் நாட்சம்பள வீதத்தையே உழைப்பின் பெறுமதியாக எடுத்து, கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய வரவுப் புத்தகத்தைச் சான்றாக ஏற்றுக்கொள்வதில் உங்களுக்கு என்ன தடை இருக்கக்கூடும் என்று எனக்குத் தெரியவில்லை. தீக்காலத்து நான்கு மாதங்களுக்கு ஒவ்வொரு டிவிசனிலும் (தோட்டப் பிரிவிலும்) இருவருக்குக் காவல் சம்பளம் கொடுப்பதும், கோடைக்கு முன்பே பட்டி வெட்டுவதற்குப் பேர் போடுவதும், எரிந்த பின் மரக்கன்று நடுவதைவிடக் குறைந்த செலவில் முடியும்.

மரக்கன்று என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூன் 5 உலக சுற்றாடல் தினம். அன்று நடுகை விழா நடத்துவதற்கு மானியம் விரைவாகக் கிடைக்கும். ஊவாவில் அது வறட்சி தொடங்கும் நாள். பதாகை கட்டி, படம் எடுத்து, நட்ட கன்றுகள் ஓகஸ்டில் காய்ந்துபோய்விடும். அறிக்கையிலோ நட்ட எண்ணிக்கை மட்டும் இருக்கும். எங்கள் பக்கத்தில் நடுவதற்குரிய காலம் ஒக்டோபர், நவம்பர் மழை. அதற்குக் கன்று வேண்டுமென்றால், மேட்டுநிலக் காட்டுக்குரிய கீனையும் நாவல் இனங்களும் போன்றவற்றின் விதையை முன்கூட்டியே பொறுக்கி, நாற்றுமேடையில் வளர்த்து வைத்திருக்க வேண்டும். டர்பன்டைன் எனப்படும் யூகலிப்டஸ் கன்று எங்கும் கிடைக்கிறது, காட்டு மரக்கன்று கிடைப்பதில்லை. பன்னிரண்டு மாதத்தில் செலவழித்து முடிக்க வேண்டிய மானியத்தில் இது நடக்காத காரியம். எத்தனை நட்டீர்கள் என்று கேட்பதை விட்டு, மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று கேட்டு, கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள். பணம் பெறும் எங்களுக்கு அது கடினமான நிபந்தனைதான். ஆயினும் இதை நானே கேட்கிறேன்.

நடைபாதைகளுக்கு வருகிறேன். ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க சர்வதேச அபிவிருத்தி முகவராண்மையும் அதற்கு உதவின. அந்தப் பாதை பெரும்பாலும் புதிதாக வெட்டப்பட்டதல்ல. கொழுந்துக் கூடையும் தேயிலைப் பெட்டியும் போய்வந்த பழைய தோட்டப் பாதைகளே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அது நல்ல சிந்தனை; எங்கள் ஊர்வழியே உலகத்தார் நடந்து போவதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் பாதை அமைப்பதற்குப் பணம் கொடுக்கும் மனம், அதை ஆண்டுதோறும் பேணுவதற்குக் கொடுப்பதில்லை. 2025இல் அமெரிக்க அரசு அந்த முகவராண்மையையே மூடிவிட்டது. ஒரு நாட்டின் தேர்தல் முடிவு மாறினால் இங்கே ஒரு மலைப்பாதையின் பராமரிப்புக்கு வழி இல்லாமல் போகலாம் என்ற நிலையில் எதையும் வைத்திருப்பது நல்லதல்ல.

பேணுதல் என்று நான் சொல்வது அலங்காரமல்ல. மலைச்சரிவில் ஒரு பாதை இருந்தால் மழைநீர் அதையே தன் வழியாக எடுத்துக்கொள்ளும். குறுக்கே கான் வெட்டி நீரைப் பக்கவாட்டில் திருப்பாவிட்டால், இரண்டு பருவமழைக்குள் பாதை ஓடையாகி, ஓடை பள்ளமாகி, பள்ளத்துக்கு மேலே நிற்கும் மண் இறங்கத் தொடங்கும். கீழே லயம் இருக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களைப் புதைத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலையகம் முழுவதும் பட்ட பாட்டைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அவை நடைபாதையால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. சரிவில் கைவைக்கும் எந்த வேலைக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைக் கேட்ட பின்பே மானியம் வழங்க வேண்டும், அதற்கான செலவையும் மானியத்திலேயே சேர்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கான் வெட்டவும், கல் அடுக்கி மண்ணைத் தாங்கவும், ஓரத்தில் மானாப்புல் நட்டு வேரால் பிடிக்கவும் எங்கள் ஆட்களுக்கு யாரும் பயிற்சிப் பட்டறை நடத்தத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் செய்துவரும் வேலை அது. ஒவ்வொரு கட்டத்தையும் அது கடந்து செல்லும் தோட்டத்துச் சங்கத்துக்கே ஆண்டுப் பராமரிப்புக்காக ஒப்பந்தத்தில் கொடுத்தால், வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவருக்குப் போகும் பணம் ஊரில் நிற்கும். கான் அடைத்த மறுநாளே மண்வெட்டியோடு போகவும் ஆள் இருக்கும்.

பொழுதுபோக்கு என்பது வெளியிலிருந்து வருபவருக்கு மட்டும் உரியதாக உங்கள் அறிவித்தல்களில் எழுதப்படுவதும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஹப்புத்தளைக்கு மேலே தங்கமலைச் சரணாலயம் இருக்கிறது. தம்பேதென்னைத் தோட்டத்துக்கு மேலே லிப்டன் இருக்கை இருக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்து பார்க்கிறார்கள். அவற்றின் கீழேயுள்ள லயங்களில் வளரும் பிள்ளைக்குச் சனிக்கிழமை விளையாட ஒரு சமதரை இல்லை. ஹோட்டன் சமவெளியின் உலக முடிவு என்னும் செங்குத்து மலைவிளிம்பைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகள் அதன் அடிவாரத்துத் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் உள்நாட்டவருக்குக் குறைவுதான், வாகனக் கூலி அப்படியல்ல. தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை ஒரு வழிகாட்டியோடு காட்டுக்குள் அழைத்துப் போவதற்கான செலவு எந்தத் திட்டத்திலும் மிகச் சிறிய வரியாகவே இருக்கும். அப்படி அழைத்துப் போன பிள்ளை பிறகு வழிகாட்டியாகத் தொழில் செய்யவும் கூடும். நேபாளத்தின் அன்னபூர்ணாப் பாதுகாப்புப் பகுதியில் 1986இலிருந்தே, நடக்க வருபவர் கட்டும் நுழைவுப் பணம் அந்தப் பகுதியின் பாதுகாப்புக்கும் ஊர்களின் தேவைகளுக்கும் செலவிடப்படும் ஒழுங்கு இருக்கிறது. இங்கே பூங்காவின் சீட்டுப் பணம் மேலிடத்துக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு விளிம்பிலுள்ள ஊர்களுக்குச் சட்டப்படி திரும்பி வருமானால், மானியம் கேட்டு உங்களுக்கு எழுதும் மடல்களில் பாதி குறைந்துவிடும்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்காமல் எழுதுவதே முறை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் அகப்பட்டு, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டும் பிழைக்காமல் இறந்தது. அது அகப்பட்டதைப் போன்ற சுருக்குகளைத் தோட்டங்களில் வைப்பது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தியில் போட்ட உருளைக்கிழங்கையும் போஞ்சியையும் ஒரே இரவில் பன்றி கிளறிவிட்டுப் போனால் அந்தக் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பல்ல. இறைச்சிக்காக வைப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் நான் மறுக்கமாட்டேன். விழிப்புணர்வுச் சுவரொட்டியால் இது தீராது. தோட்டத்துக்கு ஒரு பொது வேலி போடவும், காட்டோரம் நடந்து சுருக்குகளை அகற்றும் ஊர்க் குழுவுக்கு நாட்கூலி கொடுக்கவும் பணம் கொடுங்கள். விறகும் அப்படித்தான். 2022இல் எரிவாயு கிடைக்காதபோது எல்லோரும் அடுப்புக்குத் திரும்பினார்கள், சிலர் இன்னும் மாறவில்லை. ஆனால் கொழுந்து உலர்த்தத் தேயிலைத் தொழிற்சாலைகள் எரிக்கும் விறகையும் கணக்கில் எடுக்காமல், தலையில் ஒரு கட்டுச் சுமந்து வரும் பெண்ணை மட்டும் காட்டின் எதிரியாகக் காட்டும் அறிக்கைகளை இனியாவது எழுதாதிருக்க வேண்டுகிறேன்.

இன்னொரு குறை, சங்கங்களின் உள்ளேயே இருப்பது. தொழிற்சங்க அரசியல் எங்கள் ஊர்களில் எல்லாவற்றுக்குள்ளும் நுழைகிறது. பணம் வருகிறது என்று தெரிந்தால் நேற்று வரை கூட்டத்துக்கு வராதவர் இன்று தலைவராகிவிடுவார். இதற்காக எங்களுக்குப் பணமே கொடுக்கக்கூடாது என்று முடிவெடுப்பதைவிட, வரவு செலவை மாதந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொழுந்து மடுவத்துச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். கொழுந்து நிறுக்க வரும் பெண்கள் ஒவ்வொரு கிலோவையும் கண்ணால் சரிபார்ப்பவர்கள். பட்டயக் கணக்காளரின் சான்றிதழைவிட அவர்களுடைய பார்வையையே நான் நம்புவேன். சிறிய தொகைகளுக்குக் கணக்காய்வாளர் அறிக்கை கேட்பதை நீங்கள் நிறுத்தினால், அந்த அறிக்கைக்குக் கொடுக்கும் கூலியும் மிச்சமாகும்.

நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. ஆகவே தமிழில் விண்ணப்பிப்பது சலுகை அல்ல. அறிவித்தலைத் தமிழில் வெளியிட்டுவிட்டு, வரவுசெலவுப் படிவத்தையும் கண்காணிப்புச் சட்டகத்தையும் ஆங்கிலத்தில் மட்டும் தருவது நடைமுறையில் கதவைச் சாத்துவதற்குச் சமம். என்னைப் போன்ற எழுதிக் கொடுப்போருக்கு வேலை இருப்பதற்கும் இதுவே காரணம். எனக்கு அந்த வேலை இல்லாமல் போனால் நான் வருந்தமாட்டேன். உலகச் சுற்றாடல் வசதி (GEF) என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டம், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக 1994இலிருந்து இந்நாட்டில் இயங்குகிறது. ஊர்ச் சங்கங்களுக்கு நேரடியாகச் சிறு தொகைகளைக் கொடுக்க முடியும் என்பதற்கு அத்தகைய முறைகளே முன்னுதாரணம். அவற்றைத் தோட்டத்தின் நிலைமைக்கு ஏற்பத் திருத்துவதையே கேட்கிறேன்.

இனி வேண்டுகோள். அடுத்த மானிய அழைப்பை வெளியிடுவதற்கு முன், படிவத்தின் வரைவை மூன்று மொழிகளிலும் பிரதேச செயலகங்களுக்கு அனுப்பி, காட்டை ஒட்டியுள்ள தோட்டங்களின் சங்கங்களிடம் கருத்துக் கேளுங்கள். அந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாட்களில் வந்தால் பேர் போய்விடும். பெருந்தோட்டக் கம்பனிகளின் பிரதிநிதிகளையும் வனத் திணைக்களத்தின் மாவட்ட அதிகாரியையும் அதே கூட்டத்துக்கு அழையுங்கள். நான் மேலே சொன்ன உடன்படிக்கையின் மாதிரி வாசகத்தை அங்கேயே எழுதத் தொடங்கலாம். இந்த ஆண்டு ஒரு மாவட்டத்தில் மூன்று நான்கு தோட்டங்களில் மட்டும் செய்து பார்த்தாலும் போதுமானது. பதுளை மாவட்டத்தைத் தேர்ந்தெடுப்பீர்களானால், எந்தெந்தத் தோட்டங்களின் மேல் காட்டு விளிம்பு ஆண்டுதோறும் எரிகிறது, எந்த நடைபாதைகளில் கான் அடைத்திருக்கிறது என்ற விபரங்களை அவ்வத்தோட்டத்துச் சங்கங்களே தயார் செய்து தரும். அதை எழுதிக் கொடுக்க நானும் உடன் இருப்பேன்.

இங்ஙனம்,
ஹப்புத்தளைப் பகுதித் தோட்டச் சங்கங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் ஒருவன்